பிரெஞ்சு தெரிந்தவர் ஆங்கிலச் சொல்வளம் பெருக்குவது எப்படி? மொரீஷியஸ் தமிழருக்கு ஒரு வழிகாட்டி

மொரீஷியஸில் வளர்ந்த தமிழருக்கு வீட்டிலும் சந்தையிலும் கிரியோல் (பிரெஞ்சிலிருந்து பிறந்த உள்ளூர் மொழி), செய்தித்தாளில் பிரெஞ்சு, கோயிலிலும் தமிழ் வகுப்பிலும் தமிழ். ஆங்கிலம் எங்கே இருக்கிறது? பாடப்புத்தகத்தில், அரசுப் படிவத்தில், நீதிமன்றத் தீர்ப்பில், வேலை விண்ணப்பத்தில். காதில் விழாமல் கண்ணில் மட்டும் படுகிற மொழி அது. அதனால் சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருப்பவருக்கு எழுதப்பட்ட பயிற்சி முறை இங்கே பாதிதான் பொருந்தும். அங்கே நீளமான சொற்கள்தான் கடினம். இங்கே நீளமான சொற்கள் கிட்டத்தட்ட இலவசம். ஆளைக் கவிழ்ப்பவை சின்னச் சொற்கள்.

காரணம் 1066இல் இருக்கிறது. நார்மண்டியின் வில்லியம் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அரண்மனையும் நீதிமன்றமும் பல தலைமுறைகள் பிரெஞ்சில் இயங்கின. பிரெஞ்சுச் சொற்கள் ஆயிரக்கணக்கில் ஆங்கிலத்துக்குள் வந்தன, ஆனால் அரசவை உடுப்போடு வந்தன. கொட்டிலில் நிற்கும் மாடு ஆங்கிலத்தில் 'கௌ', தட்டில் வந்ததும் 'பீஃப்'. கிரியோலில் மாடே 'பெஃப்'தான். ஒரே சொல் ஓர் ஊரில் தெருவிலும் இன்னோர் ஊரில் விருந்து மேசையிலும் இருக்கிறது. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் கீழே வரும் வேலையெல்லாம் எளிதாகும்.

முதலில் அளந்து பாருங்கள்

எத்தனை சொல் தெரியும் என்று இணையத் தேர்வு எழுதுவதைவிட ஒரு பக்கத்தை எண்ணுவது பயனுள்ளது. நீங்கள் படிக்க விரும்பும் நூலிலோ இதழிலோ தொடர்ச்சியாக 300 சொல் உள்ள ஒரு பகுதியை எடுங்கள். பொருள் உறுதியாகத் தெரியாத சொல்லுக்கெல்லாம் கீழே பென்சில் கோடு. 6க்குள் இருந்தால் அகராதி இல்லாமலே வாசிக்கலாம். 7 முதல் 15 வரை என்றால் அதுவே உங்கள் பயிற்சிக்கான தரம். 15ஐத் தாண்டினால் அந்த நூலை இப்போதைக்கு மூடி வையுங்கள். அதில் முட்டி மோதினால் சொல்லும் நிற்காது, கதையும் புரியாது. 'ஏறத்தாழ தெரியும்' என்று தோன்றும் சொல்லுக்கும் கோடு போடுங்கள். பிரெஞ்சு தெரிந்தவர்கள் ஏமாறுவது அங்கேதான்.

இந்த எண்ணிக்கை சும்மா வந்ததல்ல. நூற்றுக்கு 98 சொல் தெரிந்தால்தான் உதவியின்றி வாசிக்க முடியும் என்ற அளவை வைத்து, நியூசிலாந்து மொழியியலாளர் பால் நேஷன் 2006இல் ஒரு கணக்குக் கொடுத்தார்: எளிமைப்படுத்தாத ஆங்கில நூலுக்கு 8000 முதல் 9000 சொற்குடும்பம் வேண்டும். சொற்குடும்பம் என்றால் ஒரு வேர்ச்சொல்லும் அதன் கிளைகளும் சேர்ந்தது. பள்ளிப் படிப்பை முடித்தவரிடம் இதில் கணிசமான பகுதி ஏற்கெனவே இருக்கும். அதனால் பூஜ்யத்திலிருந்து தொடங்கத் தேவையில்லை.

அடித்தளத்தில் ஓட்டை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மைக்கேல் வெஸ்ட் 1953இல் வெளியிட்ட அடிப்படைச் சொற்பட்டியலில் சுமார் 2000 சொல். அதற்கு அடுத்த படியாக ஏவ்ரில் காக்ஸ்ஹெட் 2000ஆம் ஆண்டில் கல்விசார் சொற்பட்டியல் ஒன்றைத் தொகுத்தார்: 570 சொற்குடும்பம், பத்துப் பகுதி, முதல் ஒன்பதில் தலா 60, கடைசியில் 30. இது இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. முதல் பகுதியைத் திறந்தால் 'அனலைஸ்', 'கான்செப்ட்', 'டிஃபைன்', 'டிஸ்ட்ரிபியூட்', 'எஸ்டிமேட்' என்று வரிசையாக வரும். பிரெஞ்சு வாசித்தவருக்கு எல்லாம் பழகிய முகங்கள். பத்துப் பகுதியையும் ஒரு வாரத்தில் புரட்டி, தெரியாதவற்றை மட்டும் தனியே எழுதிக்கொண்டால் போதும்.

கையிருப்பை மூன்றாகப் பிரியுங்கள்

பிரெஞ்சில் தெரிந்த ஒரு சொல் ஆங்கிலத்தில் எதிர்ப்படும்போது அது மூன்று வகையில் ஒன்றாக இருக்கும். ஒரு நோட்டில் மூன்று பத்தி போட்டு, எதிர்ப்படும் சொல்லை அந்தந்தப் பத்தியில் சேருங்கள்.

முதல் வகை பொருளும் எடையும் மாறாதவை: 'பாசிபிள்', 'டிஃபிகல்ட்', 'நேஷன்', 'ஜஸ்டிஸ்'. இவற்றுக்கு உழைப்பு தேவையில்லை, எழுத்துக்கூட்டலையும் உச்சரிப்பையும் சரிபார்த்துவிட்டு நகரலாம்.

இரண்டாவது வகையில் பொருள் அதே, எடை வேறு. பிரெஞ்சில் 'கொமான்ஸே' என்பது பேச்சுவழக்குச் சொல். ஆங்கிலத்தில் 'கமென்ஸ்' சட்டத்திலும் அழைப்பிதழிலும் வருவது. நண்பரிடம் 'பிகின்' அல்லது 'ஸ்டார்ட்' என்பார்கள். 'அமெலியோரே' தெருவில் புழங்கும், 'அமெலியரேட்' ஆய்வறிக்கையில்தான் உட்காரும். இடையில் 'இம்ப்ரூவ்' இருக்கிறது. பேருந்தில் 'மோ தெசான் ரோஸ் ஹில்' என்று சொல்லிப் பழகிய நாக்கு ஆங்கிலத்தில் 'ஐ டிசெண்ட் அட் ரோஸ் ஹில்' என்கிறது. இலக்கணப் பிழை இல்லை, ஆனால் பல்லக்கிலிருந்து இறங்குவதுபோல் ஒலிக்கும். அங்கே வேண்டியது 'கெட் ஆஃப்'. ஆகவே இந்தப் பத்தியில் எழுதும் ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் அதன் எளிய இணையையும் எழுத வேண்டும்: 'கமென்ஸ்' என்றால் 'பிகின்', 'ஆக்மெண்ட்' என்றால் 'இன்க்ரீஸ்', 'அபாண்டன்' என்றால் 'கிவ் அப்'. எளிய இணை தெரியாமல் கனமான சொல்லை மட்டும் வைத்திருப்பவரின் ஆங்கிலம் எப்போதும் பட்டுவேட்டி கட்டிக்கொண்டு மீன் வாங்கப் போவதுபோல் இருக்கும்.

மூன்றாவது வகைதான் ஆபத்து: வடிவம் ஒன்று, பொருள் வேறு. வேலையிலும் தேர்விலும் சேதம் விளைவிப்பவை சில.

விடுப்புக் கேட்டு மேலதிகாரிக்கு எழுதும்போது 'ஐ டிமாண்ட்' என்று தொடங்கினால் அது கேட்பதல்ல, மிரட்டுவது. பிரெஞ்சு 'துமாந்தே' வெறும் கேட்டல். ஆங்கிலத்தில் அதற்கு 'ஆஸ்க்', மரியாதையாக 'ரிக்வெஸ்ட்'. பிரெஞ்சில் 'தெலே' என்றால் கெடு. 15 நாள் 'டிலே'க்குள் பதில் தாருங்கள் என்று ஆங்கிலத்தில் எழுதினால் 15 நாள் தாமதிக்கச் சொன்ன மாதிரி ஆகும். கெடுவுக்குச் சொல் 'டெட்லைன்' அல்லது 'டைம் லிமிட்'. கூட்டத்துக்குப் போவது பிரெஞ்சில் 'அசிஸ்தே', ஆங்கிலத்தில் 'அட்டெண்ட்'. ஆங்கிலத்தில் 'அசிஸ்ட்' என்றால் உதவி செய்தல். பயிற்சி என்பதற்குப் பிரெஞ்சில் 'ஃபொர்மாஸ்யோன்', ஆங்கிலத்தில் 'டிரெய்னிங்'. சுயவிவரத்தில் 'ஃபார்மேஷன்' என்று போட்டால் படிப்பவர் இராணுவ அணிவகுப்பையோ மேகக் கூட்டத்தையோ நினைப்பார். 'பாஸே' செய்தது தேர்வு எழுதியது மட்டும், 'பாஸ்' என்றால் தேறியது. நேர்முகத் தேர்வில் இந்த ஒன்றைத் தவறாகச் சொன்னால் பொய் சொன்னதாகவே ஆகிவிடும். 'ஆக்துவெல்மான்' இப்போது என்பது, 'ஆக்சுவலி' உண்மையில் என்பது. 'எவான்துவெல்மான்' ஒருவேளை, 'இவென்சுவலி' கடைசியில். 'ப்ரெவ்னீர்' பல இடங்களில் எச்சரிப்பது, 'பிரிவெண்ட்' தடுப்பது. 'சான்ஸிப்ல்' எளிதில் மனம் நோகிறவர், 'சென்சிபிள்' விவேகமானவர்.

இந்த வகைச் சொல்லை மனப்பாட அட்டையில் (அட்டை முறை கீழே வருகிறது) எழுதும்போது சிவப்பு மையில் எழுதுங்கள். பிரெஞ்சில் என்ன, ஆங்கிலத்தில் என்ன என்ற இரண்டையும் ஒரு வாக்கியமாகத் தமிழில் குறியுங்கள். தமிழ் இங்கே நடுவராக நிற்கும். மற்ற இரண்டும் ஒன்றை ஒன்று இழுத்துக் குழப்பாது.

சின்ன வினைகளுக்குத் தமிழே வழி

'புட் ஆஃப்', 'புட் அப் வித்', 'கிவ் இன்', 'டர்ன் டவுன்', 'லுக் இன்டு'. இவற்றில் பிரெஞ்சு கைகொடுக்காது. ஒவ்வொரு துண்டுக்கும் பொருள் தெரியும், சேர்ந்தால் தெரியாது. பலர் இந்த இடத்தில்தான் மலைத்துப்போய், தெரிந்த நீளமான சொல்லுக்கே திரும்பிவிடுகிறார்கள்.

தமிழில் இதே வேலையைக் கூட்டுவினை செய்கிறது. 'விட்டுக்கொடு' என்பதில் விடுவதும் இல்லை, கொடுப்பதும் இல்லை, இணங்குகிறோம். ஆங்கிலத்தில் அதுதான் 'கிவ் இன்'. 'தள்ளிப்போடு' என்றால் 'புட் ஆஃப்'. கிட்டத்தட்ட சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது. 'பொறுத்துக்கொள்' என்பது 'புட் அப் வித்', 'கைவிடு' என்பது 'கிவ் அப்'. ஆகவே 'புட்' என்பதற்கு ஒரு பொருள், 'ஆஃப்' என்பதற்கு ஒரு பொருள் என்று பிரித்து மனனம் செய்யாமல், முழுவதையும் ஒரு தமிழ்க் கூட்டுவினைக்கு நேராக எழுதிவையுங்கள். பக்கத்தில் அதன் கனமான இணையும் வரட்டும்: 'புட் ஆஃப்' எதிரே 'போஸ்ட்போன்', 'புட் அப் வித்' எதிரே 'டாலரேட்', 'லுக் இன்டு' எதிரே 'இன்வெஸ்டிகேட்', 'டர்ன் டவுன்' எதிரே 'ரெஃப்யூஸ்'. ஒரே அட்டையில் தெருச்சொல்லும் அவைச்சொல்லும் கிடைத்துவிடும்.

ஒன்றை மட்டும் கூடுதலாகக் குறிக்க வேண்டும்: 'இட்' எங்கே நுழையும் என்பது. 'புட் இட் ஆஃப்' சரி, 'புட் ஆஃப் இட்' தவறு. ஆனால் 'லுக் இன்டு இட்' சரி, 'லுக் இட் இன்டு' தவறு. கற்பவருக்கான அகராதிகள் எடுத்துக்காட்டு வாக்கியத்தில் இதைக் காட்டும். வாரத்துக்கு 10 கூட்டுவினைக்கு மேல் சேர்க்க வேண்டாம். 'டேக்' என்ற ஒரே வினையின் பத்து வடிவத்தையும் ஒரே நாளில் படிப்பது எல்லாவற்றையும் ஒன்றாகக் குழைத்துவிடும்.

சொல்லுக்குத் துணை எது?

மழை பெய்யும், காற்று வீசும், இடி இடிக்கும். மழை வீசும் என்று எந்தக் குழந்தையும் சொல்லாது. ஆங்கிலத்திலும் ஒவ்வொரு பெயருக்கும் தனக்கென ஒரு வினையும் அடையும் உண்டு. மழை 'ஹெவி', காற்று 'ஸ்ட்ராங்'. குற்றம் 'கமிட்', கவனம் 'பே', முடிவுக்கு வருதல் 'டிரா எ கன்க்லூஷன்'. ஆகவே 'திரெட்' என்ற பெயரை மட்டும் எழுதினால் அரைச் சொல்தான் கிடைத்தது. 'போஸ் எ திரெட்' என்று எழுதினால் முழுச் சொல். உயர்நிலை ஆங்கிலம் என்பதில் பாதி இதுதான். அரிய சொல் ஒன்றும் இல்லாமல் துணைச்சொல் மட்டும் பிசகாமல் எழுதினாலே எழுத்து ஒரு படி மேலே ஏறும்.

அட்டையும் பெட்டியும்

ஜெர்மானியர் ஹெர்மன் எபிங்ஹவுஸ் 1885இலேயே காட்டிவிட்டார்: திரும்பப் பார்க்காதது முதல் சில நாள்களிலேயே வேகமாக மறக்கும். 1970களில் செபாஸ்டியன் லைட்னர் அதற்குத் தீர்வாக ஐந்து அறைப் பெட்டி முறையைப் பரப்பினார். கைபேசியில் 'அன்கி' போன்ற செயலிகள் இதே வேலையைத் தானாகச் செய்கின்றன. காகிதமோ கைபேசியோ, முறை ஒன்றுதான்.

முதல் அறையைத் தினமும், இரண்டாவதை மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்றாவதை வாரத்துக்கு ஒருமுறை, நான்காவதை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஐந்தாவதை மாதத்துக்கு ஒருமுறை புரட்டுங்கள். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும். தவறினால், எந்த அறையில் இருந்தாலும், மறுபடி முதல் அறைக்கு.

நாளுக்கு 7 புதுச் சொல், வாரத்தில் 5 நாள். மற்ற இரண்டு நாள் திரும்பப் பார்ப்பது மட்டும். இப்படிப் போனால் சில மாதங்களில் நாளுக்குச் சுமார் 35 அட்டை வரும். கால் மணி நேர வேலை. ரோஸ் ஹில்லில் மெட்ரோ ஏறி போர்ட் லூயிஸில் இறங்குவதற்குள் பெரும்பகுதி முடிந்துவிடும். ஆண்டுக்கு ஏறத்தாழ 1800 அட்டை. ஆரம்ப உற்சாகத்தில் நாளுக்கு 30 சேர்ப்பவர்கள் மூன்றாவது வாரத்தில் 150 அட்டை குவிந்து கிடப்பதைப் பார்த்துவிட்டு அத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். தொடர்ந்தவரைவிட நிறுத்தியவர்தான் அதிகம், காரணம் பெரும்பாலும் இந்த ஒன்றுதான்.

அட்டையின் முன்பக்கம், நீங்கள் வாசித்த வாக்கியத்தை எழுதி, கற்க வேண்டிய சொல் இருக்கும் இடத்தில் கோடு மட்டும் விடுங்கள். முதல் எழுத்தைக் கொடுக்கலாம். பின்பக்கம்: சொல், அந்த வாக்கியத்தில் அதன் தமிழ்ப் பொருள், துணைச்சொல், எளிய இணை. இவ்வளவுதான். ஒரு சொல்லின் ஐந்து பொருளையும் ஒரே அட்டையில் அடைத்தால் எது நினைவுக்கு வந்தது என்று உங்களுக்கே தெரியாது. 'சாங்ஷன்' என்ற சொல்லையே பாருங்கள்: ஓரிடத்தில் அனுமதி, இன்னோரிடத்தில் தண்டனைத் தடை. இரண்டு பொருளுக்கு இரண்டு அட்டை, இரண்டு வாக்கியம், நடுவில் குறைந்தது இரண்டு வார இடைவெளி.

ஒத்த சொற்களையும் எதிர்ச்சொற்களையும் ஒரே நாளில் சேர்க்கக் கூடாது. 'இம்ப்ளை', 'இன்ஃபர்' இரண்டையும் சேர்த்துப் படித்தவர் பல ஆண்டுக்குப் பிறகும் எது எது என்று தயங்குவார். ஒன்றை இந்த மாதம் உறுதியாக்கி, மற்றதை அடுத்த மாதம் எடுத்தால் சிக்கல் இல்லை.

எதை வாசிப்பது?

மொரீஷியஸில் இருப்பவருக்கு ஒரே செய்தியின் ஆங்கில வடிவமும் பிரெஞ்சு வடிவமும் அருகருகே கிடைப்பது பெரிய வசதி. வாக்கோவாவில் இருக்கும் வானிலை அலுவலகத்தின் சூறாவளி அறிவிப்பைப் பாருங்கள். கோடைக்காலத்தில் இரண்டு மொழியிலும் வரும், அரைப் பக்கத்துக்குள் அடங்கும், ஒரே சொற்கள் திரும்பத் திரும்ப வரும்: 'கஸ்ட்ஸ்', 'டொரென்ஷியல்', 'இன்டென்சிஃபை', 'விசினிட்டி'. பிரெஞ்சில் முதலில் வாசித்துவிட்டு ஆங்கிலத்தை எடுத்தால் தெரியாத சொல்லின் பொருள் தானே விளங்கும். அகராதியைப் பிறகு சரிபார்க்க மட்டும் திறக்கலாம்.

அடுத்த படி நாடாளுமன்ற விவாதப் பதிவுகள். அரசியலமைப்பின் 49ஆவது பிரிவுப்படி அவையின் அலுவல் மொழி ஆங்கிலம், உறுப்பினர் பிரெஞ்சிலும் பேசலாம். அதனால் பதிவில் இரண்டும் கலந்தே வரும். கேள்வி நேரப் பகுதியை எடுங்கள். கேள்வியும் பதிலும் குறுகியவை, விஷயம் நமக்குத் தெரிந்த சாலை, தண்ணீர், மருத்துவமனை. வரவு செலவுத் திட்ட உரை பொருளாதாரச் சொல்லுக்கு நல்ல சுரங்கம்: 'அலொகேட்', 'லெவி', 'சப்சிடி', 'டெஃபிசிட்'. ஆனால் அதன் நடையை அப்படியே எடுத்துக் கட்டுரையில் போட வேண்டாம், அது மேடைக்கான நடை. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை ஓராண்டு கழித்துத் தொடலாம். இங்கே உரிமையியல் சட்டம் நெப்போலியன் காலப் பிரெஞ்சுச் சட்டத் தொகுப்பிலிருந்து வந்தது என்பதால் ஆங்கிலத் தீர்ப்புக்கு நடுவே பிரெஞ்சு மேற்கோள் பத்தி பத்தியாக வரும். வழக்கறிஞராக விரும்புவோருக்கு விருந்து, மற்றவர்களுக்குச் சுமை.

ஒரு வாசிப்பில் ஏழு சொல்லுக்கு மேல் எடுக்காதீர்கள். இரண்டு தடவை எதிர்ப்பட்ட சொல்லுக்கே முதலிடம். 'இன்றைய சொல்' என்று சமூக ஊடகத்தில் வரும் விசித்திரச் சொற்களை ரசித்துவிட்டு விட்டுவிடலாம். எந்தப் பக்கத்திலும் திரும்ப எதிர்ப்படாத சொல் தானே உதிர்ந்துவிடும்.

பகுதி, விகுதி, புணர்ச்சி

தமிழ் இலக்கணம் படித்தவருக்கு ஆங்கிலச் சொல்லைப் பிரிப்பது புதிதல்ல. மரம் என்பதோடு கள் சேர்ந்தால் மரங்கள். மகரம் ஙகரமாகத் திரிகிறது. அதே திரிபு ஆங்கில முன்னொட்டு 'இன்' என்பதிலும் நடக்கிறது: 'பாசிபிள்' முன் 'இம்', 'லீகல்' முன் 'இல்', 'ரெகுலர்' முன் 'இர்'. இதை விளங்கிக்கொண்டால் நூற்றுக்கணக்கான எதிர்மறைச் சொல்லின் எழுத்துக்கூட்டல் குழப்பம் தீரும். 'மாரல்' முன் 'இம்' சேர்ந்தால் இரண்டு 'எம்' ஏன் வருகிறது, 'ரெகுலர்' முன் 'இர்' சேர்ந்தால் இரண்டு 'ஆர்' ஏன் என்பதற்கும் விடை அதுவே. 'ஸ்பெக்ட்', 'டிக்ட்', 'போர்ட்' போன்ற இலத்தீன் வேர்களில் 30, 40 போதும். நூறு வேரை மனனம் செய்வதில் பயன் குறைவு, வேர்ப்பொருள் இன்றைய பொருளிலிருந்து பல நேரம் விலகிப்போயிருக்கும். (வேர் தேடும் ஆசை இருப்பவர்கள், சுற்றுலாப் பயணிகளை இல் ஓ செர்ஃப் தீவுக்கு ஏற்றிச் செல்லும் 'கட்டமரான்' நம் கட்டுமரம்தான் என்பதிலிருந்து தொடங்கலாம்.)

காதுக்கும் ஒரு பங்கு

பிரெஞ்சில் அழுத்தம் பெரும்பாலும் சொற்றொடரின் கடைசி அசையில் விழும், தமிழில் அழுத்தம் பொருளை மாற்றாது. ஆங்கிலத்தில் மாற்றும். 'ஃபோட்டோகிராஃப்' முதல் அசையில், 'ஃபொடாகிரஃபி' இரண்டாவதில். 'எகானமி' இரண்டாவதில், 'எகனாமிக்' மூன்றாவதில். 'ரெக்கார்ட்' பெயராக வந்தால் முதலில், வினையாக வந்தால் பின்னால். அட்டையில் அழுத்தம் விழும் அசைக்குக் கீழே கோடு போட்டால் போதும். எழுத்தை நம்பி ஏமாறும் சொற்களுக்குத் தமிழிலேயே ஒலியை எழுதிவைக்கலாம்: 'டிடர்மின்' (கடைசியில் 'மைன்' இல்லை), 'கேயாஸ்', 'டெப்ரி', 'சட்டில்', 'ரிசீட்'.

எழுதிப் பார்ப்பது

அட்டையில் சேர்ந்த மூன்று நாளுக்குள் அந்தச் சொல்லை வைத்து உங்கள் வாழ்க்கையைப் பற்றி ஒரு வாக்கியம் எழுதுங்கள். வாரக் கடைசியில் 150 சொல்லில் ஒரு பத்தி, அதில் அந்த வாரச் சொல் நான்கோ ஐந்தோ. 35ஐயும் திணிக்க வேண்டாம். எச்.எஸ்.சி. (மேல்நிலைப் பள்ளி இறுதித் தேர்வு) ஜெனரல் பேப்பருக்குத் தயாராகிறவர்கள் ஒத்தசொல் அகராதியைப் பார்த்துச் சொல்லை மாற்றிப்போடும் பழக்கத்தை இப்போதே விட வேண்டும். 'மெனி' இருந்த இடத்தில் 'பிளெத்தொரா' வைத்தால் 'பல' என்பது 'அளவுக்கு மீறிய' என்று சாய்ந்துவிடும். பாராட்ட நினைத்தது குறை சொன்னதாக மாறும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே வகை நூலிலிருந்து புதிய 300 சொல்லை எடுத்துத் திரும்ப எண்ணுங்கள். 14 இருந்தது 8 ஆனால் வேகம் சரி. 6க்குக் கீழே வந்தால் அடுத்த தரத்து நூலுக்குப் போகலாம். குறையவில்லை என்றால் பெரும்பாலும் கோளாறு அட்டையில் இருக்காது, வாசிப்பு போதாமல் இருக்கும். நாளுக்கு இரண்டு பக்கம் கூட்டிப் பாருங்கள்.

ஐந்து தடவை முதல் அறைக்குத் திரும்பி வந்த அட்டையோடு மல்லுக்கட்ட வேண்டாம். கிழித்துப் போடுங்கள். அந்தச் சொல் வாசிப்பில் மறுபடி எதிர்ப்படும்போது புதிய வாக்கியத்தோடு புதிய அட்டை எழுதினால் பெரும்பாலும் ஒட்டிக்கொள்ளும்.